‘குழந்தைகளுக்கு இது ஒத்துவராது’ என்றார்கள்!

பெரிய அதிகாரிகள் ஒதுக்கிய பியானோ சங்கீதம்; இன்று வீட்டுக்கு வீடு ஒலிக்கிறது

1965-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ந்தேதி. வியாழக்கிழமை. இரவு ஏழரை மணி.

அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகளில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் டெலிவிஷன் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு இன்னும் 16 நாள்தான் இருந்தது.

அன்று ஒரு கார்ட்டூன் படம் காட்டப்பட்டது. அரை மணி நேரப் படம்.

படம் தொடங்கியது. உறைந்துபோன குளத்தின் மேல் குழந்தைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். பின்னால் ஒரு பியானோ மெதுவாக ஒலிக்கிறது. குழந்தைகள் பாடுகிறார்கள்.

அதில் ஆர்ப்பாட்டம் இல்லை. மேளதாளம் இல்லை. பண்டிகைப் பாட்டுத்தான். ஆனாலும் கேட்பவர் மனதில் ஒரு சின்ன ஏக்கம் எழுந்தது.

இந்தப் படம் தோற்றுப்போகும் என்று அதை ஒளிபரப்பிய டெலிவிஷன் கம்பெனியின் அதிகாரிகள் முன்பே முடிவு கட்டியிருந்தார்கள். முக்கியமாக, அந்தப் பியானோ சங்கீதம் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. குழந்தைகள் படத்துக்கு இது ஒத்துவராது என்று சொன்னார்கள்.

நடந்தது என்ன?

அந்தச் சங்கீதம் இசைத்தட்டாக வந்தது. உலகத்தில் மிக அதிகமாக விற்ற ஜாஸ் இசைத்தட்டுகளில் ஒன்றாக ஆகிவிட்டது!

அதன் கதை இது.

முடிதிருத்துபவரின் மகன்

அமெரிக்காவில் சார்ல்ஸ் ஷுல்ஸ் என்று ஒரு ஓவியர் இருந்தார். 1922-ல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார்.

ஷுல்ஸ் பத்திரிகைகளில் படக்கதை வரைந்தார். 1950-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி அந்தப் படக்கதை தொடங்கியது. முதலில் 7 பத்திரிகைகளில்தான் வந்தது. அதற்குப் ‘பீநட்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். வேர்க்கடலை என்று அர்த்தம். ஷுல்ஸுக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் அது.

கதையின் நாயகன் சார்லி பிரௌன் என்ற சிறுவன். உருண்டைத் தலை. எதைத் தொட்டாலும் தோல்விதான். பந்து ஆடினால் தோற்பான். பட்டம் விட்டால் மரத்தில் மாட்டிக்கொள்ளும். ஆனாலும் மறுநாள் திரும்ப முயற்சி செய்வான்.

அவனுக்கு ஸ்னூபி என்று ஒரு நாய். சாலி என்று ஒரு தங்கை. அடுத்த வீட்டு லூசி அதட்டிப் பேசுகிறவள். லூசியின் தம்பி லைனஸ். அவன் எங்கே போனாலும் ஒரு போர்வையைக் கையில் பிடித்துக்கொண்டே போவான். ஷ்ரோடர் என்ற பையன் எப்பொழுதும் பொம்மைப் பியானோ வாசிப்பான்.

பெரியவர்கள் யாரும் இந்தப் படக்கதையில் முகம் காட்டுவதில்லை. எல்லாம் பிள்ளைகள் உலகம்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் கவலை எல்லாம் பெரியவர்களின் கவலை!

அதனால்தான் தகப்பனும் படித்தான், பிள்ளையும் படித்தான்.

தாய்மாமன் வழி வந்த சங்கீதம்

அதே நாட்டில் சான்பிரான்சிஸ்கோ நகரில் ஒரு பியானோக்காரர் இருந்தார். பெயர் வின்ஸ் கரால்டி. 1928-ம் ஆண்டு ஜூலை 17-ந்தேதி பிறந்தவர். இத்தாலியக் குடும்பம்.

அவருடைய தாய்மாமன்கள் இரண்டு பேரும் சங்கீதக்காரர்கள். வாத்தியக் குழு நடத்தியவர்கள். அவர்களைப் பார்த்துத்தான் கரால்டிக்குச் சங்கீதப் பைத்தியம் பிடித்தது.

வயிற்றுப்பாட்டுக்காக அவர் ஒரு பத்திரிகை ஆபீசில் வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். அங்கே ஒரு விபத்து. ஒரு விரல் போயிருக்கும்! மயிரிழையில் தப்பியது. விரல் போனால் பியானோ ஏது? அந்த வேலையை விட்டுவிட்டு, சங்கீதமே கதி என்று இறங்கினார்.

கொரியா யுத்தத்தின்போது ராணுவத்தில் சமையல்காரராகவும் இருந்தார். திரும்பி வந்து கிளப்புகளில் பியானோ வாசித்தார். முறுக்கிய மீசை அவருடைய அடையாளம்.

1962-ல் அவர் ஒரு இசைத்தட்டு வெளியிட்டார். அதில் அவரே மெட்டுப் போட்ட ஒரு பாட்டு இருந்தது. ‘உன் விதியைக் காற்றில் வீசு’ என்பது போல அதற்குப் பெயர். வார்த்தை கிடையாது, வாத்தியம் மட்டும். ரேடியோக்காரர்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். 1963-ல் அதற்குக் கிராமி என்ற பெரிய பரிசு கிடைத்தது.

ஜாஸ் என்றால் என்ன?

கரால்டி வாசித்தது ஜாஸ் சங்கீதம்.

ஜாஸ் என்பது அமெரிக்காவின் கறுப்பின மக்கள் உலகத்துக்குத் தந்த கொடை. நியூ ஆர்லியன்ஸ் நகரில் தோன்றி நாடு முழுவதும் பரவியது.

நம்முடைய நாகசுர வித்வான் ஒரு ராகத்தை எடுத்து ஆலாபனை செய்கிறார் அல்லவா? ராகம் பழையது. ஆனால் அவர் வாசிப்பது அந்த நேரத்துக் கற்பனை. நேற்று வாசித்தது இன்று அப்படியே வராது. ஜாஸும் ஏறக்குறைய அப்படித்தான். தெரிந்த ஒரு மெட்டை முதலில் வாசிப்பார்கள். பிறகு அதை விட்டு நகர்ந்து, மனதில் தோன்றியபடி வளர்ப்பார்கள். கடைசியில் மெட்டுக்குத் திரும்பி வருவார்கள்.

கரால்டியின் குழுவில் மூன்றே பேர். ஒருவர் பியானோ. ஒருவர் ஆள் உயரம் இருக்கும் ‘பாஸ்’ என்ற பெரிய தந்தி வாத்தியம். ஒருவர் டிரம். டிரம்மைக் குச்சியால் அடிக்காமல், பல இடங்களில் கம்பித் துடைப்பம் போன்ற ஒன்றால் மெல்லத் தேய்ப்பார்கள். மழை தூறுவது போல ஓசை வரும்.

இந்தச் சங்கீதத்தைப் பெரும்பாலும் இரவு நேரக் கிளப்புகளில் பெரியவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். குழந்தைகள் படத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அந்த நாளில் பலர் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

டாக்சியில் கேட்ட மெட்டு

லீ மெண்டல்சன் என்பவர் சான்பிரான்சிஸ்கோவில் டெலிவிஷன் படம் எடுப்பவர். 1963-ல் வில்லி மேஸ் என்ற புகழ்பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரரைப் பற்றி ஒரு படம் எடுத்தார். படம் நன்றாக ஓடியது.

உலகத்திலேயே மிகச் சிறந்த ஆட்டக்காரரைப் பற்றி எடுத்தாயிற்று. இனி உலகத்திலேயே மிக மோசமான ஆட்டக்காரனைப் பற்றி எடுத்தால் என்ன? இப்படி ஒரு யோசனை அவருக்குத் தோன்றியது.

அந்த மோசமான ஆட்டக்காரன் வேறு யார்? படக்கதைச் சிறுவன் சார்லி பிரௌன்தான்!

ஓவியர் ஷுல்ஸ் சம்மதித்தார். அவரைப் பற்றியும் அவருடைய படக்கதையைப் பற்றியும் படம் தயாராயிற்று. அதற்குச் சங்கீதம் வேண்டும்.

ஒரு நாள் மெண்டல்சன் டாக்சியில் கோல்டன் கேட் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தார். டாக்சியின் ரேடியோவில் கரால்டியின் பரிசு பெற்ற மெட்டு ஒலித்தது. பெரியவர் மனதும் அதில் இருந்தது; பிள்ளை மனதும் அதில் இருந்தது. இதுதான் வேண்டும் என்று மெண்டல்சன் நினைத்தார்.

பத்திரிகையில் ஜாஸ் பற்றி எழுதும் ஒருவர் மூலம் கரால்டியைத் தேடிப் பிடித்தார். கரால்டியும் ஒப்புக்கொண்டார்.

டெலிபோனில் பியானோ

இரண்டு வாரம் கழிந்தது. மெண்டல்சன் வீட்டில் டெலிபோன் மணி அடித்தது.

பேசியவர் கரால்டி. ஒரு மெட்டுப் போட்டிருப்பதாகவும், அதை இப்பொழுதே டெலிபோனில் வாசித்துக் காட்டுவதாகவும் சொன்னார்.

டெலிபோனில் கேட்டால் சங்கீதம் நன்றாக இருக்காது. நேரில் வந்து கேட்கிறேன் என்றார் மெண்டல்சன்.

கரால்டி விடவில்லை. மறந்து போவதற்குள் யாரிடமாவது வாசித்துக் காட்டியாக வேண்டும் என்று சொல்லி, வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

இடது கை ஒரே சின்ன வரிசையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. குழந்தை குதித்துக் குதித்து நடப்பது போல! அதன் மேல் வலது கை விளையாடுகிறது.

‘லைனஸும் லூசியும்’ என்று அதற்குப் பெயர். இன்று அமெரிக்காவில் பியானோ கற்கும் பிள்ளைகள் ஆசையோடு கேட்டு வாங்கிக் கற்றுக்கொள்ளும் மெட்டு அது.

விலை போகாத படம்

மெட்டு கிடைத்தது. படமும் முடிந்தது. ஆனால் படம் விலை போகவில்லை!

எந்த டெலிவிஷன் கம்பெனியும் அதை வாங்கவில்லை. மெண்டல்சன் எல்லாக் கதவையும் தட்டிப் பார்த்தார். பயனில்லை. படம் பெட்டிக்குள் முடங்கியது.

1964-ல் சங்கீதம் மட்டும் இசைத்தட்டாக வெளிவந்தது. யாரும் பார்க்காத ஒரு படத்தின் இசைத்தட்டு!

பொய் சொல்லாத ஒரு பொய்

1965-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் ‘டைம்’ பத்திரிகை அட்டையில் சார்லி பிரௌனும் அவன் கூட்டாளிகளும் இடம் பிடித்தார்கள். படக்கதையின் புகழ் உச்சிக்கு ஏறியது.

கோக்கோ கோலா கம்பெனியின் விளம்பர ஏஜண்டு மெண்டல்சனுக்கு டெலிபோன் செய்தார். கிறிஸ்துமஸுக்கு ஒரு சார்லி பிரௌன் படம் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்று மெண்டல்சன் உடனே சொல்லிவிட்டார்.

கையில் கதை இல்லை. ஒரு வரி கூட எழுதவில்லை!

ஷுல்ஸுக்கு டெலிபோன் செய்து, ஒரு படத்தை விற்றுவிட்டேன் என்றார். எந்தப் படம் என்று ஷுல்ஸ் கேட்டார். இனிமேல் நாம் இருவரும் எழுதப்போகும் படம் என்றார் மெண்டல்சன்.

இருவரும் ஒரே நாளில் கதையின் சுருக்கத்தை எழுதி அனுப்பினார்கள். பில் மெலண்டஸ் என்ற ஓவியர் படத்தை வரைந்து உயிர் கொடுக்க முன்வந்தார். அவர் மெக்சிகோவில் பிறந்தவர். படம் தயாரிக்கக் கிடைத்த அவகாசம் ஆறே மாதம்.

மொட்டை மரம்

கதை இதுதான்.

பண்டிகை வருகிறது. ஊரே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் சார்லி பிரௌனுக்கு மட்டும் மனது சரியில்லை. சந்தோஷமாக இருக்க வேண்டிய நாளில் ஏன் இந்த வருத்தம் என்று அவனுக்கே புரியவில்லை.

அவன் தங்கை சாலி கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறாள். பொம்மை வேண்டாம், பணமாகவே கொடுத்துவிடுங்கள் என்கிறாள்! நாய் ஸ்னூபி கூட, வீட்டு அலங்காரப் போட்டியில் பரிசு வாங்கத் தன் கூண்டுக்கு விளக்குப் போடுகிறது.

பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள். அதற்கு ஒரு கிறிஸ்துமஸ் மரம் வேண்டும். பளபளக்கும் பெரிய அலுமினிய மரமாக வாங்கி வா என்று லூசி சொல்லி அனுப்புகிறாள். அந்த நாளில் அமெரிக்காவில் அலுமினிய மரம் வைப்பது ஒரு நாகரிகம்.

கடையில் எல்லா மரமும் பளபளக்கிறது. நடுவில் ஒரே ஒரு நிஜ மரம். குட்டையாக, நாலைந்து கிளையோடு, நோஞ்சானாக நிற்கிறது. சார்லி பிரௌன் அதைத்தான் வாங்கி வருகிறான்.

எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அப்போது லைனஸ் மேடையில் ஏறி, ஏசுநாதர் பிறந்த கதையைப் பைபிளிலிருந்து சொல்கிறான். சிரித்தவர்கள் மனது மாறுகிறது. அந்த நோஞ்சான் மரத்துக்கு எல்லோரும் சேர்ந்து அலங்காரம் செய்கிறார்கள். மரம் நிமிர்ந்து நிற்கிறது. எல்லோரும் பாடுகிறார்கள்.

இதற்குமேல் கதை இல்லை. சண்டை இல்லை. துரத்தல் இல்லை.

எழுதப் படிக்கத் தெரியாத நடிகை

அந்தக் காலத்தில் கார்ட்டூன் குழந்தைகளுக்குப் பெரிய நடிகர்கள் குரல் கொடுப்பது வழக்கம். ஷுல்ஸ் ஒப்பவில்லை. குழந்தைக்குக் குழந்தையே பேச வேண்டும் என்றார். அப்படியே செய்தார்கள்.

சாலிக்குக் குரல் கொடுத்த சிறுமிக்கு இன்னும் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு வரியாக, சில சமயம் துண்டு துண்டாகச் சொல்லிக் கொடுத்தார்கள். அவள் கேட்டுத் திருப்பிச் சொன்னாள். அதையெல்லாம் ஒட்டிச் சேர்த்தார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. வேடிக்கைப் படங்களில் பலர் சிரிக்கும் சத்தத்தைப் பதிவு செய்து பின்னால் சேர்ப்பார்கள். எங்கே சிரிக்க வேண்டும் என்று பார்ப்பவருக்குச் சொல்லிக் கொடுப்பது போல! ஷுல்ஸ் அதையும் மறுத்துவிட்டார். சிரிப்பு வந்தால் அவரவர் வீட்டில் சிரித்துக்கொள்ளட்டும் என்பது அவர் கட்சி.

சிரிப்புச் சத்தம் இல்லாததால் படத்தில் நிறைய மௌனம் இருந்தது. அந்த மௌனத்தில்தான் கரால்டியின் பியானோ நன்றாகக் கேட்டது.

ஐந்து டாலர் பாடகர்கள்

படத்தில் பாடுவதற்குக் குழந்தைகள் வேண்டும். எங்கே தேடுவது?

கரால்டிக்கு ஒரு பாடகர் குழுவைத் தெரியும். சான்பிரான்சிஸ்கோவுக்கு அருகே சான் ரஃபேல் என்ற ஊர். அங்கே செயிண்ட் பால் தேவாலயம். 1965 மே மாதம் சான்பிரான்சிஸ்கோ கிரேஸ் பேராலயத்தில் கரால்டி ஜாஸ் சங்கீதத்தோடு ஒரு வழிபாடு நடத்தினார். அதில் அந்தத் தேவாலயத்தின் குழு, 68 பேர், அவரோடு பாடியது. அதிலிருந்த பிள்ளைகளையே அழைத்தார்.

பாட வந்த பிள்ளைக்கு ஐந்து டாலர் சம்பளம்.

பாட்டு ஆசிரியர் பிள்ளைகள் சுத்தமாகப் பாட வேண்டும் என்று ஆசைப்பட்டார். அது நியாயம்தானே? ஆனால் கரால்டியின் எண்ணம் வேறு. பிள்ளை பிள்ளையாகவே பாடட்டும் என்றார். சில இடங்களில் சுருதி கொஞ்சம் இறங்கிற்று. சில இடங்களில் ஒருவர் முந்தி, ஒருவர் பிந்திப் பாடினார்கள். அப்படியே விட்டுவிட்டார்கள்.

படத்தின் தொடக்கப் பாட்டுக்கு முதலில் வார்த்தையே கிடையாது. வெறும் பியானோ மெட்டுத்தான். ஒளிபரப்புக்குச் சில வாரமே இருக்கும்போது, இதற்கு வார்த்தை இருந்தால் நன்றாக இருக்குமே என்று மெண்டல்சனுக்குத் தோன்றியது. பாட்டு எழுதுபவர்களைத் தேடினார். யாரும் கிடைக்கவில்லை.

தாமே உட்கார்ந்தார். கையில் கிடைத்த ஒரு கடித உறையின் பின்புறத்தில் எழுதினார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் பாட்டு முடிந்தது. ‘கிறிஸ்துமஸ் காலம் வந்தது’ என்ற அந்தப் பாட்டை அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய பாடகர்கள் பாடிவிட்டார்கள்.

சிரிக்காத அதிகாரிகள்

படம் ஒருவழியாக முடிந்தது. எடுத்தவர்களுக்கே திருப்தி இல்லை. மெண்டல்சனும் மெலண்டஸும் சார்லி பிரௌனைக் கெடுத்துவிட்டோமோ என்று கவலைப்பட்டார்கள். வேலை செய்த ஓவியர்களில் ஒருவர் மட்டும் எழுந்து, இந்தப் படம் நூறு வருஷம் ஓடும் என்றார். மற்றவர்கள் அவருக்குப் பைத்தியம் என்று நினைத்தார்கள்.

பிறகு சி.பி.எஸ். டெலிவிஷன் கம்பெனியின் அதிகாரிகளுக்குப் படத்தைக் காட்டினார்கள்.

அவர்கள் முகம் மலரவில்லை. படம் மெதுவாகப் போகிறது என்றார்கள். குழந்தைகளின் குரல் சரியில்லை என்றார்கள். டெலிவிஷனில் பைபிள் வாசிப்பதா என்று தயங்கினார்கள். குழந்தைப் படத்தில் ஜாஸ் சங்கீதமா என்று முகம் சுளித்தார்கள்.

ஆனால் ஒளிபரப்புத் தேதி ஏற்கெனவே குறிக்கப்பட்டுவிட்டது. பத்திரிகைகளுக்கும் சொல்லியாயிற்று. வேறு வழியில்லை. இந்த ஒன்றை மட்டும் ஒளிபரப்புகிறோம். இனிமேல் உங்களிடம் படம் வாங்கப்போவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களும் பிள்ளை குட்டி உள்ளவர்கள்தான். குழந்தைக்கு எப்பொழுதும் வேகம் வேண்டும், சத்தம் வேண்டும், சிரிப்பு வேண்டும் என்று நினைத்தார்கள். குழந்தைக்கும் வருத்தம் உண்டு, குழந்தைக்கும் நல்ல சங்கீதம் புரியும் என்பதை மறந்துவிட்டார்கள்.

ஒன்றரைக் கோடி வீடுகள்

டிசம்பர் 9-ந்தேதி இரவு வந்தது.

சுமார் ஒன்றரைக் கோடி வீடுகளில் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் டெலிவிஷன் பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர்!

மறுநாள் ஊரெல்லாம் இதே பேச்சு. பத்திரிகைகள் பாராட்டின. எம்மி பரிசு கிடைத்தது. பீபாடி பரிசும் கிடைத்தது. இனி வாங்கமாட்டோம் என்ற அதே கம்பெனி, இன்னும் படம் எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டது.

அந்த வருடம் முதல், ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தப் படம் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. பளபளக்கும் அலுமினிய மரத்தின் மேல் இருந்த மோகமும் சில வருடங்களில் மறைந்தது.

இசைத்தட்டில் இருப்பது என்ன?

படம் வந்த அதே டிசம்பர் மாதம் சங்கீதம் இசைத்தட்டாகவும் வந்தது. சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஃபேண்டசி என்ற கம்பெனி வெளியிட்டது. மொத்தம் 11 உருப்படிகள்.

முதலில் வருவது ஒரு பழைய ஜெர்மன் கிறிஸ்துமஸ் பாட்டு. மெட்டு எல்லோருக்கும் தெரிந்தது. கரால்டி முதலில் அதைத் தனியாக, நிதானமாக வாசிக்கிறார். பிறகு பாஸும் டிரம்மும் சேருகின்றன. பழைய பாட்டு ஆடத் தொடங்குகிறது! ஜாஸ் என்றால் என்ன என்று கேட்பவருக்கு இந்த ஒன்றே போதும்.

‘சறுக்கு விளையாட்டு’ என்று ஒரு உருப்படி. பியானோ ஸ்வரங்கள் மேலிருந்து உருண்டு இறங்குகின்றன. பனி விழுவதைக் காதால் பார்ப்பது போல இருக்கும்.

‘கிறிஸ்துமஸ் காலம் வந்தது’ இரண்டு முறை வருகிறது. ஒன்றில் வாத்தியம் மட்டும். ஒன்றில் பிள்ளைகள் பாடுகிறார்கள். இரண்டிலும் ஒரு ஏக்கம் இருக்கிறது. பண்டிகை நாளில் ஊரில் இல்லாத மகனை நினைக்கும் தாய்க்கு அந்த ஏக்கம் தெரியும். போன வருடம் இருந்து, இந்த வருடம் இல்லாமல் போனவரை நினைப்பவர்களுக்கும் தெரியும்.

எல்லோரும் சிரிக்கும் நாளில் சிரிக்க முடியாதவர்களும் வீட்டுக்கு ஒருவர் உண்டு. அவர்களை இந்தச் சங்கீதம் ஒதுக்கவில்லை. பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தது. அது இத்தனை காலம் நிலைத்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

கடைசிப் பக்கத்தில் பீத்தோவனின் புகழ்பெற்ற ஒரு சின்ன உருப்படியும் உண்டு. பொம்மைப் பியானோ வாசிக்கும் ஷ்ரோடருக்குப் பீத்தோவன் என்றால் உயிர். அதற்காகச் சேர்த்தது.

டீச்சரின் குரல்

கரால்டி அதற்குப் பிறகும் பல சார்லி பிரௌன் படங்களுக்குச் சங்கீதம் அமைத்தார்.

1967-ல் ஒரு சங்கடம் வந்தது. கதையில் பள்ளிக்கூட டீச்சர் பேச வேண்டும். ஆனால் பெரியவர்கள் வரக்கூடாது என்பது இந்தக் கதைகளின் சட்டம். என்ன செய்வது?

டிராம்போன் என்ற ஊதுகுழல் வாத்தியத்தை வாசித்தார்கள். வா வா, வாவா என்று அது ஒலித்தது. அதுதான் டீச்சர் பேச்சு! பிள்ளைகளின் காதில் பெரியவர்கள் பேசுவது எப்படி விழுகிறது என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியுமா?

47 வயதில்

1976-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந்தேதி. கரால்டி கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில் ஒரு கிளப்பில் வாசித்தார். முதல் கச்சேரி முடிந்தது. அடுத்த கச்சேரிக்கு முன்னால் பக்கத்து விடுதி அறைக்குப் போய்ச் சற்று இளைப்பாறினார்.

அங்கே மாரடைப்பு வந்தது. உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு 47 வயதுதான்.

அன்று பகலில்தான் இன்னொரு சார்லி பிரௌன் படத்துக்கான சங்கீதத்தைப் பதிவு செய்து முடித்திருந்தார்.

தம்முடைய இசைத்தட்டு எவ்வளவு தூரம் போகப்போகிறது என்பதைப் பார்க்க அவர் இல்லை.

2007-ல் அது கிராமி புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது. 2012-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசத்தின் ஒலிச் செல்வங்களில் ஒன்றாகத் தேர்ந்தெடுத்துப் பாதுகாக்க முடிவு செய்தது. 2022-ல் விற்பனை 50 லட்சம் என்ற கணக்குக்குச் சான்றிதழ் கிடைத்தது. அதுவும் அமெரிக்காவில் மட்டும்!

ஓவியர் ஷுல்ஸ் 2000-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந்தேதி இரவு காலமானார். அவருடைய கடைசி ஞாயிற்றுக்கிழமைப் படக்கதை மறுநாள் காலைப் பத்திரிகையில் வந்தது. ஐம்பது வருடம் ஒரே கையால் வரைந்த கதை அது. மெலண்டஸ் 2008-ல் மறைந்தார்.

உறையின் பின்னால் பாட்டு எழுதிய மெண்டல்சன் 2019-ல் காலமானார். எந்த நாள் தெரியுமா? டிசம்பர் 25-ந்தேதி. கிறிஸ்துமஸ் நாள்!

யாரும் திருத்தவில்லை

கறுப்புத் தட்டாக வந்த சங்கீதம் பிறகு கேசட்டாக வந்தது. சி.டி.யாக வந்தது. இன்று செல்போனில் கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒலியைத் துடைத்துத் துலக்கி, புதுப்பித்து வெளியிட்டார்கள். இரைச்சலை நீக்கினார்கள்.

ஒன்றை மட்டும் யாரும் தொடவில்லை.

சான் ரஃபேல் ஊர்ப் பிள்ளைகள் ஐந்து டாலர் வாங்கிக்கொண்டு பாடிய பாட்டில், சுருதி கொஞ்சம் இறங்கும் இடம் அன்று எங்கே இருந்ததோ, இன்றும் அங்கேயே இருக்கிறது.